ஆய்வக அலைத்தொட்டிக்கு அலை உருவாக்கி வடிவமைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்ணாடிச் சுவர் வைத்த நீளமான அலைத்தொட்டியைப் புதிதாக அமைக்கப்போகும் ஆய்வகங்களுக்கும், இருக்கிற தொட்டியில் அலை ஏன் சரியாக வரவில்லை என்று தேடுகிறவர்களுக்கும் இந்தப் பக்கம். கணக்குகள் எல்லாம் ஒரே தொட்டிக்குப் போடப்பட்டவை: நீளம் 15 மீ., அகலம் 0.6 மீ., நீர் ஆழம் 0.5 மீ., சுவர் உயரம் 0.8 மீ. உங்கள் தொட்டி வேறு அளவு என்றால் இதே வழியில் எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் எந்த மோட்டார் வாங்குவது என்று முடிவு செய்யலாமா?

வேண்டாம். எந்தெந்த அலை வேண்டும் என்ற பட்டியல்தான் முதலில். ஒவ்வோர் ஆய்வுக்கும் நீர் ஆழம், அலைவுக் காலம், அலை உயரம் மூன்றையும் எழுதி வையுங்கள். நீரைத் தள்ளி அலை எழுப்பும் பலகையின் வகை, ஸ்ட்ரோக் (பலகை நகரும் முழுத் தூரம்), வேகம், விசை, கடைசியில் மோட்டார் என்று மற்றதெல்லாம் அந்தப் பட்டியலிலிருந்துதான் வரும். மோட்டாரை முதலில் வாங்கிவிட்டால், அந்த மோட்டார் தரும் அலைக்கு ஏற்ப ஆய்வை வெட்டிக் குறைக்க வேண்டிவரும்.

கடல் அலையைச் சிறிதாக்கும்போது ஃப்ரூட் விதியை (ஈர்ப்பு விசை ஆளும் அலைகளுக்கான அளவுமாற்ற விதி) பின்பற்றுகிறோம். நீளம் 1:25 என்றால் நேரம் அதன் வர்க்கமூலம், 1:5. கடலில் 7.5 வினாடியில் வரும் 3.75 மீ. உயர அலை, தொட்டியில் 1.5 வினாடியில் வரும் 15 செ.மீ. அலையாகிவிடும். இதற்குக் கீழ் எல்லையும் உண்டு. அலைவுக் காலம் 0.35 வினாடிக்குக் கீழே போனாலோ, ஆழம் 2 செ.மீ.க்குக் கீழே போனாலோ பரப்பு இழுவிசை தலையிடும். அப்போது கிடைப்பது கடல் அலையின் சிறு வடிவமாக இருக்காது.

பிஸ்டன் வகையா, ஃபிளாப் வகையா?

ஆழத்துக்கும் அலைநீளத்துக்கும் உள்ள விகிதம் இதை முடிவு செய்யும். ஆழம் குறைந்த இடத்தில் நீர்த்துகள் மேலிருந்து அடிவரை ஏறக்குறைய ஒரே அளவு முன்னும் பின்னும் நகர்கிறது. செங்குத்தாக நின்றபடி முழுதாக நகரும் பிஸ்டன் பலகை அந்த அசைவோடு ஒத்துப்போகும். ஆழ்நீரில், அதாவது ஆழம் அலைநீளத்தில் பாதிக்கு மேல் என்றால், அசைவெல்லாம் மேற்பரப்பை ஒட்டித்தான். அங்கே அடியில் கீல் வைத்து மேலே ஆடும் ஃபிளாப் பொருந்தும்.

கரைப் பாதுகாப்பு, அலைத்தடுப்புச் சுவர், சுனாமி ஆய்வுக்குப் பிஸ்டன். மிதக்கும் மேடை, கப்பல் மாதிரிகளுக்கு ஃபிளாப். எடின்பரோவில் 2014இல் திறந்த ஃப்ளோவேவ் தொட்டி 25 மீ. விட்டமுள்ள வட்டம், ஆழம் 2 மீ., சுற்றிலும் 168 ஃபிளாப்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்டில் உள்ள 300 மீ. நீள டெல்டா தொட்டியில் இருப்பது 7 மீ. ஸ்ட்ரோக் கொண்ட பிஸ்டன். இரண்டின் வேலையும் வேறு, அதனால் இயந்திரமும் வேறு. சென்னை ஐஐடியின் கடல்சார் பொறியியல் துறையிலும் நீண்ட அலைத்தொட்டிகளோடு 30 மீ. சதுர அலைக்குளமும் தனியாக உண்டு. எல்லா வேலைக்கும் ஒரே தொட்டி போதாது என்பதுதான் காரணம்.

0.5 மீ. ஆழமுள்ள கல்லூரித் தொட்டிக்குப் பிஸ்டனையே பரிந்துரைக்கிறோம். குறுகிய அலைகளில் பலகையருகே கொஞ்சம் வீண் கலக்கம் இருக்கும். ஆனால் நீண்ட அலையும் தனி அலையும் (ஒரே ஒரு முகடாகப் போகும் அலை) ஃபிளாப்பில் எளிதில் வராது.

ஸ்ட்ரோக் எவ்வளவு என்று எப்படிக் கணக்கிடுவது?

முதலில் அலைநீளம். 0.5 மீ. ஆழத்தில் 0.8 வினாடி அலைக்கு 1.0 மீ., 1.5 வினாடிக்கு 2.83 மீ., 3 வினாடிக்கு 6.4 மீ. அடுத்து 6.283 × ஆழம் ÷ அலைநீளம் என்ற எண். இதைப் 'ப' என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டனுக்கு, பியெசெல் 1951இல் தந்த வடிவில்:

அலை உயரம் ÷ ஸ்ட்ரோக் = 2 × (காஷ் 2ப − 1) ÷ (ஸைன்ஹ் 2ப + 2ப)

காஷ், ஸைன்ஹ், பின்னால் வரும் டான்ஹ் மூன்றும் கால்குலேட்டரில் உள்ள ஹைப்பர்பாலிக் பொத்தான்கள். ஸ்ட்ரோக் என்பது முன் எல்லையிலிருந்து பின் எல்லைவரை முழு நகர்வு, அதில் பாதியான வீச்சு அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் அலை சரியாகப் பாதியாகவோ இரட்டிப்பாகவோ வரும். அளந்த உயரம் கணக்கில் சரிபாதி என்றால் முதலில் இங்கேதான் பாருங்கள்.

விடைகள்: 0.8 வினாடிக்கு விகிதம் 1.95, 1.5 வினாடிக்கு 1.08, 3 வினாடிக்கு 0.49. 15 செ.மீ. அலை 1.5 வினாடியில் வேண்டுமென்றால் 14 செ.மீ. ஸ்ட்ரோக். அதே உயரம் 3 வினாடியில் வேண்டுமென்றால் 31 செ.மீ. அடியில் கீல் வைத்த ஃபிளாப்புக்கு நீர்மட்டத்தில் அளந்த ஸ்ட்ரோக் முறையே 25 செ.மீ., 60 செ.மீ. நீண்ட அலைகளில் ஃபிளாப்புக்குப் பிஸ்டனைப்போல் இரண்டு மடங்கு இடம் வேண்டும் என்பது இதிலேயே தெரிகிறது.

நிஜத்தில் அலை கணக்கைவிடச் சற்றுக் குறைவாகவே வரும். அர்செல், டீன், யூ மூவரும் 1960இல் பிஸ்டனை வைத்துச் சோதித்தபோது, தட்டையான அலைகளில் சராசரியாக 3.4 சதவீதமும் செங்குத்தான அலைகளில் 10 சதவீதம் போலவும் குறைந்தது. 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் கோட்பாட்டைச் சந்தேகிக்க வேண்டாம். பலகையின் ஓரக் கசிவையோ மோட்டார் பின்தங்குவதையோ தேடுங்கள்.

இந்தத் தொட்டியில் அதிகபட்சம் எவ்வளவு உயர அலை வரும்?

அதற்கு ஒரே எண் கிடையாது, அலைவுக் காலத்தோடு மாறும் ஒரு வளைவுதான் உண்டு. நீண்ட அலைகளில் ஸ்ட்ரோக் தடுக்கும். நடுவில் வேகமும் விசையும் தடுக்கும். குறுகிய அலைகளில் தண்ணீரே தடுக்கும்: அலை உயரம் 0.142 × அலைநீளம் × டான்ஹ் ப என்ற அளவை எட்டியதும் உடைந்துவிடும். 0.8 வினாடி அலைக்கு அந்த எல்லை 14 செ.மீ. எல்லையை ஒட்டிப் போனால் பலகையின் முன்பே நுரை கிளம்பும், ஆகவே 70 சதவீதத்துக்குள், அதாவது 10 செ.மீ.யில் நிற்பது நல்லது. இந்த வளைவை வரைந்து தொட்டியருகே ஒட்டிவைத்தால் மாணவர்கள் கிடைக்காத அலையைக் கேட்டு நேரம் போக்க மாட்டார்கள்.

மோட்டார் எத்தனை வாட்?

அலை கொண்டுபோகும் சராசரி ஆற்றல் வியக்கும் அளவுக்குக் குறைவு. 1.5 வினாடி, 15 செ.மீ. அலைக்கு ஒரு மீட்டர் அகலத்தில் சுமார் 39 வாட். 0.6 மீ. தொட்டிக்கு 23 வாட். பலகையின் பின்னாலும் தண்ணீர் இருந்தால் அங்கேயும் அதே அளவு அலை எழும், ஆக 46 வாட்.

ஆனால் மோட்டாரைச் சராசரியை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது, உச்ச விசைதான் அளவுகோல். மேலே சொன்ன அலைக்குப் பலகையின் உச்ச வேகம் 0.29 மீ./வி., உச்ச முடுக்கம் 1.2 மீ./வி.². அலையை எழுப்பும் விசை இரு பக்கமும் சேர்த்து 320 நியூட்டன். இதோடு, பலகை தன்னுடன் இழுத்துக்கொண்டு போகும் நீரின் நிறையும் உண்டு. அதன் மேல் எல்லை ஒரு பக்கத்துக்கு 0.54 × நீர் அடர்த்தி × ஆழத்தின் வர்க்கம் × அகலம். இங்கே 81 கிலோ, இரு பக்கமும் 162 கிலோ. பலகையும் அதைத் தாங்கி ஓடும் வண்டியும் 30 கிலோ என்றால் முடுக்குவதற்கு இன்னும் 230 நியூட்டன். இரண்டு விசையும் ஒரே நேரத்தில் உச்சம் தொடுவதில்லை. வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் ஏறக்குறைய 400 நியூட்டன்.

ஒழுங்கற்ற அலையில் அவ்வப்போது எழும் பெரிய அலைக்கும் உராய்வுக்கும் இடம் விட்டு 800 நியூட்டன், 0.6 மீ./வி. என்று வடிவமையுங்கள். சுற்றுக்கு 20 மி.மீ. நகர்த்தும் பால் ஸ்க்ரூ (மோட்டாரின் சுழற்சியை நேர்க்கோட்டு நகர்வாக்கும் திருகு) போட்டால் நிமிடத்துக்கு 1800 சுற்று, உச்ச முறுக்குவிசை 2.8 நியூட்டன் மீட்டர். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் 750 வாட் சர்வோ (சிக்னல் சொல்லும் இடத்துக்குத் துல்லியமாக நகரும் மோட்டார்) தொடர்ச்சியாகவே 2.4 தரும், உச்சத்தில் அதைப்போல் இரு மடங்குக்கு மேல் தாங்கும். அது போதும்.

சர்வோ விலை அதிகம். கியர் மோட்டாரும் கிராங்கும் வைத்து ஓட்டலாமா?

வகுப்பில் சீரான அலையைக் காட்ட மட்டும் என்றால் தாராளமாக ஓட்டலாம். வேகத்தை மாற்ற ஒரு விஎஃப்டி, ஸ்ட்ரோக்கை மாற்ற கிராங்கு தட்டில் வரிசையாகத் துளைகள், அவ்வளவுதான். கனெக்டிங் ராடு எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது. கிராங்கு ஆரம் 70 மி.மீ., ராடு 700 மி.மீ. என்றால் பலகையின் அசைவில் இரட்டை அதிர்வெண் கொண்ட 1.75 மி.மீ. அசைவு ஒட்டிக்கொள்ளும். அது வீச்சில் 2.5 சதவீதம்தான். ஆனால் அந்த அதிர்வெண்ணில் பிஸ்டனின் விகிதமும் அதிகம் என்பதால் அலையில் அது பெரிதாகத் தெரியும். ஸ்காட்ச் யோக் (கிராங்கின் முளை நேரான பள்ளத்தில் சறுக்கி ஓடும் அமைப்பு) வைத்தால் இந்தக் குறை இல்லை. ஆனால் அதன் பள்ளம் தேய்ந்ததும் ஒவ்வொரு திருப்பத்திலும் 'டக்' என்று அடிக்கும், அந்த அடி நீரில் சிற்றலையாக ஓடும்.

ஒழுங்கற்ற அலை, தனி அலை, அலை உறிஞ்சும் கட்டுப்பாடு, இந்த மூன்றில் ஒன்று எதிர்காலத்தில் வேண்டியிருந்தாலும் இப்போதே சர்வோ போட்டுவிடுங்கள். கிராங்கை இடையில் மாற்றுவது பாதித் தொட்டியைப் பிரிக்கும் வேலை.

பால் ஸ்க்ரூ, டைமிங் பெல்ட், ஹைட்ராலிக்: எது?

1 மீ. ஸ்ட்ரோக் வரை பால் ஸ்க்ரூ சரி. அதற்கு மேல் ஸ்க்ரூ நீண்டு, அதிக வேகத்தில் சாட்டை போல் வளைந்து அதிரும். அப்போது எஃகு இழை பதித்த பெல்ட் நல்லது. மிகப் பெரிய விசைக்கு ஹைட்ராலிக் உண்டு, ஆனால் சிறிய தொட்டிக்கு வேண்டாம். ஒரு துளி எண்ணெய் நீர்ப்பரப்பில் படர்ந்தாலே சிற்றலைகள் தணிந்துபோகும், நீர்மட்டத்தை அளக்கும் அளவியின் கம்பிகளிலும் ஒட்டும்.

பலகையைத் தாங்கும் ரெயில்கள் நீருக்கு மேலேயே இருக்கட்டும். இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நீர் தள்ளும் விசை அடித்தளத்திலிருந்து 25 செ.மீ. உயரத்திலும், ரெயில் 95 செ.மீ. உயரத்திலும் இருந்தால், 400 நியூட்டன் விசை 280 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறனாக வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும். முன், பின் பேரிங்குகளுக்கு இடையே 30 செ.மீ.தான் என்றால் ஒவ்வொன்றிலும் 930 நியூட்டன். இடைவெளியை 70 செ.மீ. ஆக்கினால் 400. குட்டை வண்டி சில மாதத்தில் தளர்ந்து, பலகை ஒவ்வொரு திருப்பத்திலும் தலையாட்ட ஆரம்பிக்கும். அதன்பின் அது பிஸ்டனாகவும் இல்லாமல் ஃபிளாப்பாகவும் இல்லாமல் ஓடும்.

பலகைக்குப் பின்னால் தண்ணீர் இருக்கலாமா?

சிறிய தொட்டியில் இருக்கட்டும். பின்புறத்தை உலர வைத்தால் நிலைநீர் அழுத்தமே 736 நியூட்டன் ஒரே திசையில் தள்ளிக்கொண்டிருக்கும். அதைச் சமன்செய்ய எடைக்கல்லோ காற்று ஸ்பிரிங்கோ வேண்டும், மூன்று பக்கமும் நீர் புகாத சீல் வேண்டும். பின்னால் நீர் விட்டால் இவை இரண்டும் தேவையில்லை. அதற்கு விலையாக இரட்டிப்பு ஆற்றல் போகும், பின்புறம் 1 முதல் 1.5 மீ. இடமும் போகும். அந்த இடத்தைப் பிளாஸ்டிக் வலைச்சுருளால் நிரப்புங்கள். வெறுமனே விட்டால் பின்பக்க நீர் ஒத்ததிர்ந்து, பலகையை அதன் தாளத்துக்கு இழுக்கும்.

சுவருக்கும் பலகைக்கும் எவ்வளவு இடைவெளி?

பக்கத்துக்கு 2 முதல் 3 மி.மீ. அதைவிடக் கூடினால் நீர் ஓரமாகப் பீறி, அலை உயரம் குறையும், மூலையில் சுழிகள் தெரியும். இடைவெளியே இல்லாமல் கனமான ரப்பர் ஒட்டினால் அது சுவரைப் பிடித்துப் பிடித்து விடும். பலகை திரும்பும் கணத்தில் நின்று, பிறகு துள்ளும். மெல்லிய ரப்பர் இதழ் அல்லது வழுக்கும் தன்மையுள்ள பாலிஎத்திலீன் பட்டை, லேசாகத் தொடும் அளவில் போதும்.

இதற்குச் சுவர் நேராக இருக்க வேண்டும். பலகை ஓடும் முதல் 2 மீட்டரிலாவது அகலம் 2 மி.மீ.க்கு மேல் மாறக் கூடாது. அந்தப் பகுதிக்குக் கண்ணாடி வேண்டாம். அக்ரிலிக் நீர் அழுத்தத்தில் வெளியே உப்பும், ஆகவே அதுவும் வேண்டாம். எஃகுத் தகடே மேல்.

பலகையை எதில் செய்வது?

அலுமினியச் சட்டத்தில் 12 மி.மீ. பிவிசி தகடு, அல்லது எபாக்சி பூசிய மெரைன் பிளைவுட். எஃகு போல்ட்டுகள் 316 தரத்தில் இருக்கட்டும், அலுமினியத்தோடு தொடும் இடத்தில் நைலான் வாஷர் போடுங்கள், இல்லாவிட்டால் அரிக்கும். பலகையின் இயல்பு அதிர்வெண், நீங்கள் எழுப்பும் மிக வேகமான அலையைப்போல் 5 மடங்காவது இருக்க வேண்டும். உயரம் 80 செ.மீ.க்குக் குறையக் கூடாது. குறைந்தால் பெரிய அலையில் நீர் பலகையைத் தாண்டிப் பின்னால் கொட்டும்.

மறுமுனையில் அலையை அடக்கும் சரிவு எப்படி இருக்க வேண்டும்?

செலவைக் குறைக்க நேர்ந்தால் மோட்டாரில் குறையுங்கள், இங்கே குறைக்காதீர்கள். அலை உருவாக்கி நன்றாக இருந்தும் தொட்டி பயனில்லாமல் போவது பெரும்பாலும் இந்த முனையால்தான். திரும்பி வரும் அலை, போகும் அலையோடு கலந்துவிட்டால் எதை அளந்தோம் என்றே சொல்ல முடியாது.

1:8 அல்லது அதைவிடத் தட்டையான சரிவு நல்லது. 0.5 மீ. ஆழத்துக்கு 1:8 என்றால் 4 மீ. சரிவின் மேல் பிளாஸ்டிக் வலை அல்லது துளைகள் திறந்த ஃபோம் 10 செ.மீ. தடிமனுக்குப் போட்டுக் கட்டுங்கள். நீர்மட்டத்தை ஒட்டிய பகுதிதான் முக்கியம், அங்கே அலைமுகடு ஏறி உடைய இடம் வேண்டும். தேங்காய் நார் மெத்தை மலிவாகக் கிடைக்கும், ஆனால் சாயம் இறங்கி நீர் பழுப்பாகும், நாளடைவில் அழுகும்.

திரும்பும் அலையின் உயரம் வரும் அலையில் 10 சதவீதத்துக்குள் இருந்தால் ஏற்கலாம், 5 சதவீதம் என்றால் மிக நன்று. ஆனால் சரிவின் நீளம் ஓர் அலைநீளத்துக்காவது வரவேண்டும். 3 வினாடி அலைக்கு அது 6.4 மீ. 15 மீ. தொட்டியில் அவ்வளவு இடம் ஒதுக்க முடியாது. ஆகவே நீண்ட அலைகள் எப்படியும் திரும்பத்தான் செய்யும்.

அப்படியானால் சுத்தமான அலை எத்தனை நேரம் கிடைக்கும்?

1.5 வினாடி அலையின் தொகுதி வேகம் (அலைக்கூட்டம் முன்னேறும் வேகம்) 1.4 மீ./வி. பலகையிலிருந்து 6 மீ. தூரத்தில் மாதிரியை வைத்தால் அலை 4.3 வினாடியில் வந்து சேரும். 11 மீட்டரில் தொடங்கும் சரிவில் பட்டுத் திரும்பி மாதிரியை அடைய 11.4 வினாடி. இடையில் 7 வினாடி, நான்கைந்து அலை. பலகையில் மறுபடி மோதித் திரும்பியது வந்து சேர 20 வினாடி. சில ஆய்வுகளுக்கு இந்த நான்கைந்து அலையே போதும், அதற்கேற்பத் திட்டமிடலாம்.

ஓர் ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே நீரை அமைதியாக விடுங்கள். கண்ணுக்குத் தட்டையாகத் தெரிந்தாலும், முழு நீளத்துக்கும் ஊஞ்சலாடும் 13 முதல் 14 வினாடி அசைவு வெகுநேரம் தணியாது. அளவியின் கோடு நேராகும்வரை காத்திருப்பதே வழி. 10 நிமிடம் ஆகலாம்.

திரும்பும் அலையைப் பிரித்து அளப்பது எப்படி?

மூன்று அளவிகளை ஒரே வரியில் வைத்து, மன்சார்டும் ஃபுங்கேயும் 1980இல் தந்த குறைந்தபட்ச வர்க்க முறையில் பிரிக்கலாம். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையே அலைநீளத்தில் பத்தில் ஒன்று. முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே ஆறில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை, ஆனால் ஐந்தில் ஒன்றும் பத்தில் மூன்றும் ஆகாது. அந்த இரண்டு இடத்தில் சமன்பாடு தடுமாறி, பொய்யான பெரிய எண்ணைத் தரும். 1.5 வினாடி அலைக்கு 28 செ.மீ., 70 செ.மீ. என்று வைத்தால் சரி. பலகையிலிருந்து ஆழத்தைப்போல் மூன்று மடங்கு, இங்கே 1.5 மீ., தள்ளியே முதல் அளவி. அதற்குள் பலகையை ஒட்டி மட்டும் வாழும் அசைவுகள் இருக்கும். மூன்று மடங்கு தூரத்தில் அவை 1 சதவீதத்துக்குத் தேய்ந்துவிடும்.

பலகையே திரும்பி வரும் அலையை உறிஞ்சுமாமே?

உறிஞ்சும். பலகையின் முகத்திலேயே ஓர் அளவியைப் பொருத்துகிறோம். நாம் அனுப்பும் அலைக்கு அங்கே நீர்மட்டம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று நமக்குத் தெரியும். அதைவிட 1 செ.மீ. உயர்ந்தால் ஏதோ திரும்பி வந்திருக்கிறது. உடனே பலகையை அந்த அளவுக்குப் பின்வாங்க வைத்தால் அது மோதித் திரும்பாது. நீண்ட அலைகளுக்கு எளிய விதி: திருத்த வேகம் = மட்ட வேறுபாடு × (9.81 ÷ ஆழம்) இன் வர்க்கமூலம். 0.5 மீ. ஆழத்தில் 1 செ.மீ.க்கு வினாடிக்கு 4.4 செ.மீ.

குறுகிய அலைகளுக்கு இந்த எண் மாறும், அதற்கு டிஜிட்டல் ஃபில்டர் வேண்டும். வழக்கமாக மூன்று இடங்களில் கெடும். சிக்னல் தாமதமானால் உறிஞ்சுவதற்குப் பதில் ஊட்டிவிடும், நீர் தானாகவே கொந்தளிக்கும். அளவியின் பூஜ்யம் சற்று நகர்ந்தாலும் பலகை மெதுவாக ஒரு பக்கமாக ஊர்ந்து எல்லையைத் தொடும். இதற்கு மிகக் குறைந்த அதிர்வெண்ணை வெட்டும் ஃபில்டரும், நடுவுக்கு இழுக்கும் மெல்லிய திருத்தமும் சேருங்கள். மூன்றாவது, பலகை முகத்தில் தெறிக்கும் நீர் அளவியை ஏமாற்றும். முதல் நாள் திருத்தத்தைக் கால் பங்கில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுங்கள்.

அலையின் வடிவம் தொட்டியின் ஒவ்வோர் இடத்திலும் வேறாக இருக்கிறது. பள்ளத்தில் ஒரு குட்டி முகடு தெரிகிறது. ஏன்?

திரும்பும் அலை என்றே பலரும் நினைப்பார்கள். சரிவை எவ்வளவு மாற்றினாலும் போகாவிட்டால், காரணம் பலகை. நீண்ட, உயரமான அலை இயற்கையில் ஸைன் வடிவில் இருப்பதில்லை. முகடு கூர்மை, பள்ளம் தட்டை. பலகையை ஸைனாக ஆட்டினால் அந்த வேறுபாட்டை ஈடுகட்ட, இரட்டை அதிர்வெண்ணில் ஒரு கூடுதல் அலை கிளம்பி மெதுவான தன் வேகத்தில் பின்தொடரும். 2 வினாடி அலைக்கு இந்தத் தொட்டியில் ஒவ்வொரு 6 மீட்டருக்கும் அது முதன்மை அலையோடு சேர்ந்தும் விலகியும் போகும். 3 மீட்டரில் ஒரு வடிவம், 6 மீட்டரில் வேறு வடிவம்.

மேட்சன் 1971இல் இதற்குத் தீர்வு தந்தார்: பலகையின் அசைவில் இரட்டை அதிர்வெண் திருத்தம் ஒன்றைச் சேர்த்தால் அந்தக் கூடுதல் அலை எழாது. உயரம் × அலைநீள வர்க்கம் ÷ ஆழத்தின் கனம் என்ற எண் 26க்குள் இருக்கும்வரை இது செல்லும். 2 வினாடி, 15 செ.மீ. அலைக்கு 20, சரி. 3 வினாடிக்கு அதே உயரத்தில் 49, செல்லாது. அங்கே உயரத்தை 8 செ.மீ. ஆகக் குறைக்க வேண்டும், அல்லது நாய்டல் அலைக்கான (கூர்முகடும் நீண்ட தட்டைப் பள்ளமும் உள்ள அலை) பலகை அசைவுக்குப் போக வேண்டும். ஒழுங்கற்ற அலைகளில் இதே சிக்கல் நீண்ட பொய் அலைகளாகவும் வரும். துறைமுக மாதிரியில் கப்பல் ஊசலாட்டத்தைப் பார்க்கிறவர்களுக்கு அது பெரிய தலைவலி. 1996இல் ஷேஃபர் தந்த இரண்டாம் நிலைக் கோட்பாடு இரண்டையும் சேர்த்தே திருத்தும்.

அலை குறுக்குவாட்டில் ஆடுகிறதே?

0.6 மீ. அகலத்துக்குக் குறுக்கே ஆடும் முதல் இயல்பு அசைவு 0.88 வினாடி, அடுத்தது 0.62. இந்தக் காலங்களில் அலை எழுப்பினால், பலகை ஒரு மி.மீ. கோணலாக இருந்தாலும் அல்லது ஒரு பக்கக் கசிவு கூடினாலும் நீர் சுவருக்குச் சுவர் ஏறும். பலகையின் இரு ஓரமும் ஒரே நேரத்தில் ஒரே கோட்டைத் தொடுகிறதா என்று அளந்து சரிசெய்யுங்கள். பலகை முற்றிலும் நேராக இருந்தாலும் 0.44 வினாடியில் ஓட்டும்போது பாதி அதிர்வெண்ணில் குறுக்கலை தானாக வளரும். அதற்குத் திருத்தம் இல்லை, அந்தக் காலத்தைத் தவிர்ப்பதே வழி.

ஒழுங்கற்ற அலைக்கு எப்படிச் சிக்னல் செய்வது?

ஜான்ஸ்வாப் போன்ற நிறமாலையை (கடல் அலையில் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் என்று காட்டும் வளைவு) எடுத்து, ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் அலை வீச்சை மேலே சொன்ன விகிதத்தால் வகுத்துப் பலகை வீச்சாக்கி, கட்டத்தை (ஃபேஸ்) தற்செயலாகக் கொடுத்துக் கூட்டுங்கள். மிகக் குறைந்த அதிர்வெண்களில் விகிதம் பூஜ்யத்தை நோக்கிப் போவதால் வகுத்த எண் பெருத்து, ஸ்ட்ரோக்கை முழுதும் விழுங்கும். உச்ச அதிர்வெண்ணின் பாதிக்குக் கீழே வெட்டிவிடுங்கள்.

நம்பத்தக்க புள்ளிவிவரத்துக்கு 1000 அலை வேண்டும், 1.5 வினாடியில் அது 25 நிமிடம். அத்தனை அலையில் எதிர்பார்க்கும் மிகப் பெரியது குறிப்புயரத்தைப்போல் (உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி உயரம்) ஏறக்குறைய 1.86 மடங்கு. குறிப்புயரம் 10 செ.மீ. என்றால் ஒருமுறையாவது 19 செ.மீ. வரும். மோட்டாரும் சுவர் உயரமும் அந்த ஒன்றைத் தாங்க வேண்டும். ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மூன்று முதல் ஐந்து அலைக் காலத்துக்குச் சிக்னல் மெல்ல ஏறி இறங்கட்டும்.

சுனாமி ஆய்வுக்குத் தனி அலை வேண்டும்.

கோரிங் 1978இல் தந்த முறையில் பலகை ஒரே ஒரு முறை முன்னே போகும். மொத்த ஸ்ட்ரோக் = (16 × உயரம் × ஆழம் ÷ 3) இன் வர்க்கமூலம். 10 செ.மீ. அலைக்கு 52 செ.மீ., நேரம் 4.3 வினாடி, உச்ச வேகம் 0.4 மீ./வி. இந்தத் தொட்டிக்கு 60 செ.மீ. ஸ்ட்ரோக் என்று நாங்கள் சொல்வதன் காரணம் இதுதான். ஓட்டத்துக்கு முன் பலகையைப் பின் எல்லைக்கு மெதுவாகக் கொண்டுபோய் நிறுத்தி, நீர் அடங்கியதும் தொடங்குங்கள். பலகை அசைவை ஸைன் வடிவத்தில் தோராயமாக்கினால் பின்னால் சிற்றலை வால் ஒன்று நீளும்.

ஒன்றை நினைவில் வையுங்கள்: நிஜ சுனாமி தனி அலையைவிட மிக மிக நீளமானது. கரையில் அலை ஏறுவதைப் படிக்கத் தனி அலை உதவும். வெள்ளம் எத்தனை நேரம் நிற்கும் என்பதை அது காட்டாது.

அளவிகளில் எதைக் கவனிக்க வேண்டும்?

இரண்டு எஃகுக் கம்பிகளுக்கு இடையே மின்கடத்தலை அளக்கும் வகைதான் பரவலாகப் பயன்படுகிறது. நீரின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் கடத்தல் 2 சதவீதம் ஏறும். காலையில் அளவுதிருத்தம் செய்துவிட்டு மாலைவரை ஓட்டினால், நம்மூர் வெயிலில் மூன்று டிகிரி ஏறி 6 சதவீதம் பிழை நுழைந்திருக்கும். காலை ஒருமுறை, உச்சிவேளைக்குப்பின் ஒருமுறை, அளவியை 2 செ.மீ. படிகளாக ஏற்றி இறக்கி அளவுதிருத்தம் செய்யுங்கள். கம்பிகளைத் தினமும் துடையுங்கள். சர்வோ டிரைவின் மின்னிரைச்சல் அளவியின் கோட்டில் மயிர்க்கால்போல் தெரிந்தால், மோட்டார் கேபிளையும் அளவி கேபிளையும் வெவ்வேறு தட்டில் கொண்டுபோய், ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். ஒரு வினாடிக்கு 50 முதல் 100 அளவீடு போதும்.

சாய்வாகப் போகும் அலைக்குப் பல பலகைகள் வைக்கலாமா?

குளமாக இருந்தால் வைக்கலாம், குறுகிய தொட்டியில் பயனில்லை. ஒவ்வொரு பலகையின் அகலமும் அலைநீளம் ÷ (1 + சாய்வுக் கோணத்தின் ஸைன்) என்பதற்குக் குறைவாக இருக்க வேண்டும். 1 மீ. அலையை 30 டிகிரி சாய்க்க 67 செ.மீ. எல்லை. நடைமுறையில் அதில் பாதி வைப்பது நல்லது.

முதல் ஓட்டத்துக்கு முன் என்னென்ன?

நீர் இல்லாமல் முதலில். மென்பொருள் எல்லை, அதற்கு வெளியே லிமிட் சுவிட்ச், அதற்கும் வெளியே ரப்பர் முட்டு என்று மூன்று அடுக்கையும் ஒவ்வொன்றாகத் தொட வைத்துப் பாருங்கள். அவசர நிறுத்தப் பொத்தான் தொட்டியின் இரு முனையிலும் இருக்கட்டும். பலகைக்கும் பின்சுவருக்கும் இடையே கை நுழையாதபடி கம்பி வலை போடுங்கள். தொட்டியருகே உள்ள பிளக், பம்பு இணைப்புகளுக்கு 30 மில்லி ஆம்பியர் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் கட்டாயம். சர்வோ டிரைவின் ஃபில்டர் கசிவு இந்தப் பிரேக்கரைக் காரணமின்றித் தட்டிவிடும், ஆகவே டிரைவுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் வகையில் தனி இணைப்பு கொடுங்கள்.

பிறகு 0.5 மீ. நீர் நிரப்பி, 1.5 வினாடியில் 2 செ.மீ. ஸ்ட்ரோக்கில் தொடங்குங்கள். அலை ஏறக்குறைய 2.1 செ.மீ. வரவேண்டும். ஸ்ட்ரோக்கை இரட்டிப்பாக்கினால் அலையும் இரட்டிப்பாக வேண்டும். இந்த நேர்க்கோடு கிடைத்தபிறகு 0.8 முதல் 3 வினாடிவரை ஒவ்வொரு காலத்துக்கும் விகிதத்தை அளந்து கோட்பாட்டு வளைவின் மேல் புள்ளியாக வையுங்கள். 0.88 வினாடியில் மட்டும் புள்ளி விலகினால் குறுக்கு ஒத்ததிர்வு. குறுகிய காலங்களில் வரிசையாகக் கீழே போனால் சர்வோ பின்தங்குகிறது, பொசிஷன் லூப்பை (பலகையின் இடத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும் சர்வோ அமைப்பு) சரிசெய்யுங்கள். எல்லாக் காலத்திலும் ஒரே சதவீதம் குறைந்தால் அளவியின் அளவுதிருத்தம் தவறு. அந்த அளந்த வளைவைத்தான் இனிமேல் சிக்னல் செய்யப் பயன்படுத்த வேண்டும். சீல் மாற்றும் ஒவ்வொரு முறையும் மறுபடி அளக்க வேண்டும்.